உப்புக்காற்றில் ஓடப்போகும் சிஎன்சி ரவுட்டர்: மூன்றில் எதை வாங்குவது?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா, மரத்துல எழுத்து வெட்டுற சிஎன்சி மெஷின் வாங்கப் போறேன். மூணு பாத்து வச்சிருக்கேன். எத எடுக்கட்டும்?" கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானாக நகர்ந்து மரத்தைக் குடையும் மெஷின் அது. மூன்றின் படத்தையும் அனுப்பியிருந்தான். அளவு, வாட்ஸ், விலை எல்லாம் ஒரு தாளில் அழகாக எழுதி வைத்திருந்தான்.

நான் திருப்பிக் கேட்டேன். "ஒன் வீடு கடலுக்கு எவ்வளவு தூரம்? மெஷின் வைக்கப்போற ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்? கரண்ட் எப்படி? என்ன மரம், எவ்வளவு பெருசு?"

கடலுக்கு நானூறு மீட்டர் இருக்கும் என்றான். ஜன்னல் தெற்கே, கடலைப் பார்த்து. மழைக்காலத்தில் கரண்டை நம்ப முடியாது. வெட்ட நினைப்பது வீட்டு வாசல் பெயர்ப்பலகை, அரபு எழுத்தணிப் பலகை, நாட்டுப்படகுக்காரர்கள் கேட்டால் மூன்றடி நீளத்தில் படகின் பெயர். மரம் பூவரசு, தேக்கு, முடிந்தால் பனை.

அன்றைக்கு அவனுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நம் கரையில் இதே யோசனையில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இணையத்தில் நான் பார்த்த ஒப்பீடுகளில் எதிலும் உப்பு ஒரு கணக்காக வருவதில்லை. நமக்கு அதுதான் முதல் கணக்கு. மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்று அடித்தால் தெற்கேயிருந்து உப்பு வரும், வாடை அடித்தால் வடக்கேயிருந்து வரும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் தன் காலமெல்லாம் துருவோடு போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, துருவைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்பு என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அதே காற்றில்தான் நம் மெஷினின் திருகும் தண்டவாளமும் பேரிங்கும் இருக்கப்போகின்றன.

ஆகவே நான் எந்த மெஷினையும் அது என்ன செய்யும் என்பதை வைத்து எடை போடுவதில்லை. அது எப்படிக் கெட்டுப்போகும், அந்தக் கோளாறை நம் வீட்டில் இருக்கும் அலன் கீயும் மல்டிமீட்டரும் கொண்டு நாமே சரிசெய்ய முடியுமா என்று பார்க்கிறேன். மூன்று வகையும் மூன்று விதமாகக் கெடும். அதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

முதல் வகை, 3018 என்ற சின்ன மேசை மெஷின். பெயரிலேயே அளவு இருக்கிறது: 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம். மேசையை நகர்த்த டி8 திருகு, மரத்தைக் குடையும் பிட்டைச் சுற்ற 775 மோட்டார். விலை இருபதாயிரத்துக்கு முன்பின். இரண்டாவது, அலுமினியச் சட்டத்தில் பிளாஸ்டிக் சக்கரம் ஓட, பல் வைத்த பெல்ட் இழுக்கும் நடுத்தர மெஷின். இதில் மரவேலைக்காரர்கள் கையில் பிடித்து ஓட்டும் டிரிம் ரவுட்டரையே மாட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, 6040 மாதிரியான கனத்த மெஷின். குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ, எஃகுத் தண்டவாளம், வேகத்தை மாற்றும் விஎஃப்டி பெட்டி வைத்துப் பிட்டைச் சுற்றும் ஸ்பிண்டில் மோட்டார். இது லட்சத்தில் போகிற சமாச்சாரம்.

நான்காவதாக ஒரு வழி உண்டு, அதை மறைக்கக்கூடாது: மெஷினே வாங்காமல், டிசைனை மட்டும் செய்து மதுரையிலோ ராமநாதபுரத்திலோ பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்கு வெட்டி வாங்குவது. வருஷத்துக்குப் பத்துப் பலகை என்றால் இதுதான் லாபம். கைப்பழக்கமும் ஆசையும் இருக்கிறவர்களுக்குத்தான் மேலே சொன்ன மூன்றும்.

மரத்தை முதலில் பாருங்கள்

பூவரசும் தேக்கும் எந்த மெஷினையும் அதிகம் சோதிப்பதில்லை. பூவரசு நெருக்கமான ரேகை உள்ள மரம். கூர்மையான பிட் போட்டால் எழுத்தின் ஓரம் வெண்ணெய் வெட்டிய மாதிரி வரும். வேம்பு வெட்டும்போது தூள் தொண்டையில் கசக்கும், மாஸ்க் இல்லாமல் நிற்க முடியாது.

பனைதான் மெஷினின் எலும்பைச் சோதிக்கும். அது தேக்கைப் போல வளையம் வளையமாக வளர்ந்த மரமே அல்ல. வெளிப்பக்கம் கறுத்த நார்க்கற்றைகள் கம்பி மாதிரி நெருங்கி நிற்கும். உள்ளே போகப் போக நார் குறைந்து சோற்றி அதிகமாகும். ஓடுகிற பிட் ஒரு நொடியில் இரும்பு போன்ற நாரையும் அடுத்த நொடியில் பஞ்சு போன்ற சோற்றியையும் மாறி மாறிச் சந்திக்கும். சட்டம் தளதளவென்று இருந்தால் நார் வரும் இடத்தில் பிட் விலகிப்போகும், சோற்றி வரும் இடத்தில் உள்ளே பாயும். எழுத்தின் ஓரமெல்லாம் சிலாம்பு கிளம்பி நிற்கும். பனையை வெட்ட வேண்டுமென்றால் மேல்விளிம்பைக் கீழ்நோக்கி அழுத்தி வெட்டுகிற டவுன்கட் கார்பைடு பிட் வேண்டும். ஒரு தடவைக்கு ஆழம் குறைவாக எடுக்க வேண்டும். பிட் மழுங்கியதும் தயங்காமல் மாற்ற வேண்டும். அந்த நார் பிட்டைத் தேக்கை விடச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. "முடிந்தால் பனை" என்று தம்பி சொன்ன அந்த ஒரு வார்த்தையிலேயே முதல் மெஷின் பாதி அடிபட்டுப்போனது.

3018: படிக்க வாங்கலாம், பிழைக்க வாங்கக்கூடாது

இதைக் குறைத்துச் சொல்லவில்லை. நான் தொழில் கற்றதே இதில்தான். பூட்டி முடிக்க ஒரு மாலை போதும். திருகின் ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகரும், மோட்டார் ஒரு சுற்றை 200 ஸ்டெப்பாக, அதாவது 200 சின்ன எட்டாக வைக்கும், அதை ஓட்டும் டிரைவர் போர்டு ஒவ்வொன்றையும் பதினாறாகப் பிரிக்கும். 3200-ஐ 4-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 800 ஸ்டெப். மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $100, $101, $102 என்ற மூன்று இடத்திலும் 800 இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சில திருகுகள் சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் வகை, அதற்கு 400. இதை மாற்றிப் போட்டால் எழுத்து சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வரும். அளவு சரிபாதி அல்லது இருமடங்கு தவறினால் மெஷினைக் குறை சொல்லாமல் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

இதன் கோளாறு ப்ளேதான். திருகுக்கும் நட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. திசை திரும்பும்போது மோட்டார் சுற்றும், மேசை ஒரு கணம் சும்மா நிற்கும். கண்டுபிடிக்க எளிய வழி: பிட் இருக்கும் இடத்தில் பேனாவைக் கட்டி ஒரு வட்டம் வரையச் சொல்லுங்கள். மேலே, கீழே, இடது, வலது என நான்கு இடத்திலும் வட்டம் லேசாகத் தட்டையாகிக் கிடந்தால் ப்ளே இருக்கிறது என்று அர்த்தம். தமிழ் எழுத்து வெட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். நம் எழுத்தில் நேர்கோடு குறைவு, சுழிதான் அதிகம். "ஞ" எழுதிப் பாருங்கள், மெஷினின் குற்றமெல்லாம் அந்த ஒரு எழுத்தில் தெரிந்துவிடும். ஸ்ப்ரிங் வைத்த இரட்டை நட்டு போட்டால் பெருமளவு குறையும்.

அதற்கப்புறமும் 775 மோட்டாரின் பலவீனம் மிச்சம் இருக்கும். சுமையில்லாமல் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று போகும், மரத்தில் இறங்கியதும் மூச்சு வாங்கும். தேக்கில் ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் ஆழம் எடுத்தால் தாங்கும். மூன்றடிப் பலகைக்கு இடமே இல்லை. அதிரச அச்சு, சாவிக்கொத்துப் பலகை, சின்னச் சின்ன எழுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது: இதற்கெல்லாம் 3018 நல்ல மெஷின்.

பெல்ட் மெஷின்

என் கையில் இப்போது ஓடுவது இது. நம் கரைக்கு இதையே நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம், இதில் துருப்பிடிக்க வேண்டிய இடங்கள் குறைவு. ஓட்டப்பாதை ஆனோடைஸ் செய்த அலுமினியம், சக்கரம் பிளாஸ்டிக், இழுப்பது ரப்பர் பெல்ட். பெரும்பாலும் போல்ட்டும் சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கும்தான் இரும்பு. போல்ட்டைத் துருப்பிடிக்காததாக மாற்ற அதிகச் செலவில்லை. பேரிங் போனால் பைக் மெக்கானிக் கடையிலேயே அளவு காட்டிக் கேட்கலாம்.

இதன் கோளாறுகள் வேறு. பெல்ட் தளர்ந்தால் எழுத்து கொழகொழவென்று வரும். அதிகம் இறுக்கினால் மோட்டாரின் பேரிங் தேயும். விரலால் மீட்டினால் மந்தமாக ஒரு நாதம் வர வேண்டும், தொய்ந்து கிடக்கவும் கூடாது, கிண்ணென்று தெறிக்கவும் கூடாது. சக்கரங்களுக்கு அடியில், ஓட்டை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் ஒரு நட்டு இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரம் சட்டத்தை நெருங்கும். கையால் சக்கரத்தைச் சுற்றினால் வழுக்கிச் சுற்றவும் கூடாது, வண்டியோடு சேர்ந்து இழுபடவும் கூடாது.

20 பல் புல்லியும் பல்லுக்கு 2 மி.மீ. உள்ள ஜிடி2 பெல்ட்டும் என்றால் சுற்றுக்கு 40 மி.மீ.; 3200-ஐ 40-ஆல் வகுத்தால் 80 ஸ்டெப். ஆனால் பெல்ட் இழுபடுவதால் இதை அளந்து திருத்த வேண்டும். 300 மி.மீ. நகரச் சொல்லி, எஃகு ஸ்கேலில் அளந்தபோது 299.2 காட்டினால், 80-ஐ 300-ஆல் பெருக்கி 299.2-ஆல் வகுங்கள்: 80.21. இதை $100-இல் எழுதுங்கள். பத்து மில்லிமீட்டர் நகர்த்தி அளந்து திருத்தாதீர்கள், அளக்கும் பிழையே அதில் பெரிதாகிவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை மூலைமட்டம். இந்த மெஷினில் ரவுட்டரைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தைப் பாலம் என்போம். இரண்டு பக்கமும் தனித்தனி மோட்டார் அந்தப் பாலத்தை இழுக்கும். ஒன்று ஓரிரு மில்லிமீட்டர் முந்திக்கொண்டால் பாலம் சாய்ந்துவிடும். நீங்கள் வெட்டும் செவ்வகமெல்லாம் சாய்ந்த இணைகரமாகும். ஒரு பலகையில் 500 மி.மீ. சதுரத்தின் நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மி.மீ. என்றால், பாலத்தின் ஒரு பக்கத்தை 2 மி.மீ. நகர்த்தக்கூடாது, 1.4 மி.மீ. நகர்த்த வேண்டும். சதுரத்தின் கணக்கு அப்படி: வித்தியாசத்தை 1.41-ஆல் வகுக்க வேண்டும். பாலமும் ஏறக்குறைய அந்தச் சதுரத்தின் அகலம் என்றால்தான் இது, பாலம் அகலமானால் அதே விகிதத்தில் கூட்டுங்கள். இதைத் தெரியாமல் முழுதாக நகர்த்திவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று நான் ஒரு மதியம் முழுக்க முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

டிரிம் ரவுட்டர் வாங்கும்போது வேகத்தைக் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பிட் ஒரு சுற்றில் ஒவ்வொரு பல்லாலும் ஒரு சீவலை எடுக்கிறது. அந்தச் சீவல் 0.05 மி.மீ. கனம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பல் பிட் 10,000 சுற்றில் ஓடும்போது நிமிஷத்துக்கு 1000 மி.மீ. நகர வேண்டும். வேகம் குறைக்க முடியாத, 30,000-இல் மட்டுமே ஓடுகிற ரவுட்டர் என்றால் 3000 மி.மீ. நகர வேண்டும். நேர்கோட்டில் பெல்ட் மெஷின் அந்த ஓட்டம் ஓடும். ஆனால் "ஞ"வின் சுழியில் வேகம் குறைந்துதான் ஆக வேண்டும். குறைந்ததும் பிட் வெட்டாமல் உரசும், மரம் கருகும், பிட் நீலம் பாரிக்கும். கருகல் வாசனை வந்தால் நம் கை தானாக மெதுவாக ஓட்டத்தான் போகும். அது தப்பு. சுற்றைக் குறைக்க வேண்டும், அல்லது நகர்வைக் கூட்ட வேண்டும்.

இதற்குச் சத்தம் அதிகம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த வகையை வாங்கும் முன் யோசியுங்கள்.

பால் ஸ்க்ரூ மெஷின்: நல்ல மெஷின், கஷ்டமான ஊர்

வேலையின் தரம் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் ராஜா. பனையோ புளியமரமோ முகம் சுளிக்காமல் வெட்டும். 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று ஓடும் ஸ்பிண்டில், சத்தம் ஒரு சீரான முனகல் மட்டும். ப்ளே மிகக் குறைவு.

ஆனால் இதில் உயிர்நாடியான இடம் ஒவ்வொன்றும் எஃகு. பால் ஸ்க்ரூவின் பள்ளத்தில் குண்டுகள் உருள்கின்றன. அந்தப் பள்ளத்தில் துருவின் ஒரு புள்ளி விழுந்தால் குண்டு அதன்மேல் ஏறி இறங்கி அதை வளர்த்துவிடும். ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் போதும். வாடைக்காலத்தில் பூட்டிய அறையில் எண்ணெய் இல்லாமல் கிடந்த தண்டவாளம் காவி பூசிய மாதிரி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை பழைய உப்புப் படலத்தைத் துணியால் துடைத்து, புதிதாக எண்ணெய் தடவும் பழக்கம் இருப்பவருக்கு மட்டுமே இந்த மெஷின். படகு எஞ்சினைப் பராமரிக்கிறவர்கள் வீட்டில் இது நன்றாக இருக்கும், அவர்களுக்கு அந்தக் கை ஏற்கெனவே பழகியது.

தண்ணீரில் குளிர்விக்கும் ஸ்பிண்டில் என்றால் நம் ஊர் போர் தண்ணீரை அதில் ஊற்றவே கூடாது. உவர்நீர் உள்ளே உப்பாகப் படிந்து வழியை அடைக்கும், உலோகத்தை அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுங்கள். காற்றில் குளிரும் ஸ்பிண்டிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெரும்பாலும் அதன் விசிறி அதே தண்டில்தான் சுற்றுகிறது, ஆகவே குறைந்த சுற்றில் நீண்ட நேரம் ஓட்டினால் சூடேறும்.

விஎஃப்டி தனியாக வந்தால் முதல்முறை ஸ்விட்ச் போடும் முன் அதன் அமைப்பைப் பாருங்கள். சாதாரண மோட்டாருக்கான 50 ஹெர்ட்ஸ் அமைப்பிலேயே பல விஎஃப்டிகள் வருகின்றன. 400 ஹெர்ட்ஸ் ஸ்பிண்டிலை அந்த அமைப்பில் ஓட்டினால் அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்து சுருள் எரிந்துபோகும். அடிப்படை அலைவெண், உச்ச அலைவெண் இரண்டும் 400 என்று மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

அடுத்தது எர்த். விஎஃப்டி சுற்றிலும் மின் இரைச்சலைக் கக்கும். அது ஸ்பிண்டில் வயரிலிருந்து, ஓரத்தைத் தொட்டால் மெஷினை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச்சின் வயருக்குத் தாவும். யாரும் தொடாமலே லிமிட் தட்டியது என்று மெஷின் நின்றுவிடும். லேப்டாப்பின் யூஎஸ்பி இணைப்பு நடுவேலையில் அறுந்துபோகும். இதை மென்பொருள் கோளாறு என்று நினைத்து ராத்திரி முழுக்க இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. வழி இதுதான்: ஸ்பிண்டிலுக்கு உறை போட்ட வயர், அந்த உறையை விஎஃப்டி பக்கம் எர்த்தில் கட்டுவது, சிக்னல் வயர்களை அதிலிருந்து விலக்கி ஓட்டுவது, லிமிட் ஸ்விட்ச் முனையில் 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் வைப்பது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் வீட்டின் எர்த் நன்றாக இருக்க வேண்டும். நம் கரையில் மேல்மணல் காய்ந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது. ஈரம் இருக்கும் ஆழத்திலோ உப்பு அந்த இரும்புக் குழாயைச் சில வருஷத்தில் தின்றுவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிப்பதை மெஷின் விலையின் பகுதியாகவே கணக்கில் சேருங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்

மூன்று மெஷினுக்கும் பொதுவான இதை விற்பவர்கள் யாரும் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தேக்குப் பலகையில் பெயர் முக்கால்வாசி முடிந்திருந்தது. கரண்ட் போனது. மோட்டார்கள் நின்றன, ரவுட்டர் நின்றது. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. யூஎஸ்பி வழியாகக் கன்ட்ரோல் போர்டுக்கும் உயிர் இருக்கிறது. அது எதுவும் தெரியாமல் கட்டளைகளைப் படித்துக்கொண்டே போனது. பத்து நொடியில் கரண்ட் வந்ததும் ரவுட்டர் தானே சுற்றத் தொடங்கி, மெஷின் தான் எங்கே இருப்பதாக நினைத்ததோ அங்கிருந்து ஓடி, பலகையின் குறுக்கே ஒரு பள்ளம் தோண்டியது. என் கை அந்த நேரம் பலகைமேல் இல்லாதது கடவுள் புண்ணியம்.

அன்றைக்கே ஒரு கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் வாங்கி ரவுட்டருக்கும் மோட்டார் பவர் சப்ளைக்கும் சேர்த்து மாட்டினேன். பச்சைப் பொத்தானை நாமே அழுத்தினால்தான் ஓடும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாது. சுமைக்கேற்ற அளவில் எலக்ட்ரீஷியன் பார்த்து மாட்ட வேண்டும். செலவைப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது பாதுகாப்பு ஹோமிங் ஸ்விட்ச். வாங்கும்போது "ஹோமிங் ஸ்விட்ச் மூணு பக்கமும் இருக்கா?" என்று கேளுங்கள். மலிவு மெஷின்கள் பலவற்றில் போர்டில் அதற்கு இடம் இருக்கும், ஸ்விட்ச் இருக்காது. ஸ்விட்ச் இருந்து ஜிஆர்பிஎல்லில் $22-இல் 1 வைத்துவிட்டால், கரண்ட் வந்தபின் $H கொடுத்தால் மெஷின் தன் மூலைக்குப் போய் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கும். வேலை தொடங்கும் புள்ளியான பூஜ்யத்தை ஜி54 என்ற கட்டளையில் வைத்திருந்தால் அது கரண்ட் போனாலும் அழியாது. ஜி92-இல் வைத்தால் அழிந்துவிடும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பாதியில் நின்ற பலகையை அதே இடத்திலிருந்து தொடரலாம். கரண்ட் நம்பகமில்லாத ஊரில் ஸ்பிண்டிலின் வாட்ஸை விட இந்த மூன்று சின்ன ஸ்விட்ச்சுகளுக்கு மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

கன்ட்ரோலரைப் பற்றிச் சுருக்கமாக. பழைய கம்ப்யூட்டரும் பேரலல் போர்ட்டும் வைத்து மாக்3 என்ற மென்பொருளில் ஓடும் மெஷின்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும். அந்தக் கம்ப்யூட்டர் உப்பில் போய்விட்டால் மாற்று தேடுவது பெரும்பாடு. ஜிஆர்பிஎல் 2009-இல் தொடங்கிய திறந்த மென்பொருள், சில நூறு ரூபாய் ஆர்டுயினோ போர்டிலேயே ஓடும். ஒரு உபரி போர்டு வாங்கி சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம். மெமரி கார்டு போட்டு ஓடும் கையடக்க ஆஃப்லைன் கன்ட்ரோலர் கிடைத்தால் இன்னும் நல்லது: லேப்டாப்பைத் தூசிக்குள் கொண்டுவர வேண்டாம், யூஎஸ்பி அறுந்துபோகும் பிரச்சினையும் போகும்.

எழுத்துக்கு ஒரு எச்சரிக்கை. வெட்டும் பாதை போடும் மென்பொருள்கள் சிலவற்றில் நேரடியாகத் தமிழில் தட்டினால் "கொ" பிரிந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போய் நிற்கும். அரபும் அப்படித்தான், எழுத்துகள் கைகோக்காமல் தனித்தனியாக நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் தட்டி, எழுத்தைப் பாதையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுபோனால் சரியாக வரும். பலகையில் வெட்டும் முன் வீட்டில் படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் திரையைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். மரத்தில் விழுந்த பிழையை அழிக்க முடியாது.

எந்த மெஷினானாலும்

கடல் பக்கம் பார்த்த ஜன்னலை மூடிவையுங்கள், முடிந்தால் உள்ளறையில் வையுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே வியர்க்கும். பழைய பருத்தி வேட்டி நல்லது. தண்டவாளத்துக்கும் திருகுக்கும் தையல் மெஷின் எண்ணெய் அல்லது லித்தியம் கிரீஸ் போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்து தூளோடு பசையாகும். அடிப்பலகைக்கு மரநாரை அழுத்தி ஒட்டிய எம்டிஎஃப் போட்டுத் தருவார்கள். ஐப்பசி மழையில் அது உப்பி, சமமாக இருந்த மேசை மேடு பள்ளமாகும். மரைன் பிளைவுட் போட்டு, மெஷினாலேயே மேலே ஒரு சீவு சீவிக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் டிரைவர் சூடாகி ஸ்டெப் தவறும், ஒரு சின்ன விசிறியை அதன்மேல் திருப்பி வைத்தால் தீரும். கண்ணாடியும் மாஸ்க்கும் போடாமல் நிற்காதீர்கள். ஓடும் மெஷினை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

இனி யாருக்கு எது. கற்றுக்கொள்ள வேண்டும், பலகை ஒரு சாணுக்கு மேல் போகாது என்றால் 3018, கூடவே இரட்டை நட்டும் ஹோமிங் ஸ்விட்ச்சும். தினமும் எட்டு மணி நேரம் ஆர்டர் ஓடும், எர்த் நன்றாக இருக்கிறது, எண்ணெய்த் துணி கையில் பழகியது என்றால் பால் ஸ்க்ரூ. தயங்க வேண்டாம், போட்ட பணத்தை அது சம்பாதித்துக் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு, மூன்றடிப் பலகை வேண்டும், எப்போதாவது பனை வெட்ட வேண்டும், துருவோடு தினமும் மல்லுக்கு நிற்க நேரமில்லை என்பவர்களுக்கு, வேகம் குறைக்கும் டிரிம் ரவுட்டர் போட்ட பெல்ட் மெஷின்.

தம்பி பெல்ட் மெஷினே வாங்கினான். வடக்குப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறான். போன வாரம் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டான். "காக்கா, மூலைவிட்டம் ரெண்டும் 3 மில்லி வித்தியாசம் காட்டுது."

"எதிர்ப்பக்க வலது மூலைக்குப் போறது நீளமா, இடது மூலைக்குப் போறது நீளமா?"

"வலது."

"அப்ப வலது பக்கப் பெல்ட் புல்லியோட ஸ்க்ரூவ லூஸ் பண்ணு. பாலத்தோட அந்தப் பக்கத்த 2 மில்லியவிட ஒரு மயிரிழை கூடுதலா ஒன் பக்கமா இழு. இறுக்கிட்டு, வேற பலகையில திரும்ப ஓட்டை போட்டு அளந்து சொல்லு. நான் முழிச்சுத்தான் இருக்கேன்."